ஓடும் நாடாவும் ஒரு மணி நேரமும்

கைப்பேசியில் எடுத்த ஒரு மணி நேரப் படத்தை லேப்டாப்புக்கு மாற்றச் சில நிமிஷங்களே போதும் என்பது இன்று சிறு பிள்ளைகளும் அறிந்த விஷயம். ஆனால், 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நம் வீட்டுக் கல்யாணங்களையும் காதுகுத்து வைபவங்களையும் கோயில் உற்சவங்களையும் பதிவு செய்த ஹாண்டிகேம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, அதனுள் மினிடிவி கேசட்டை இட்டு, லேப்டாப்புடன் இணைத்து, அதே ஒரு மணி நேரப் படத்தை மாற்றத் தொடங்கினால், சரியாக ஒரு மணி நேரம் பிடிக்கிறது. லேப்டாப் எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும், எவ்வளவு உயர்ந்த கேபிளை வாங்கி மாட்டினாலும், அந்த ஒரு மணியில் ஒரு நிமிஷமும் குறைவதில்லை. பழைய விஹெச்எஸ் கேசட்டைப் பற்றி யாரேனும் இவ்வாறு சொன்னால் நமக்கு வியப்பு உண்டாகாது. அதில் இருப்பது ஏறியும் இறங்கியும் தொடர்ந்து செல்லும் மின்னலையின் காந்தச் சுவடு. அதை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மினிடிவி கேசட்டோ, கைப்பேசியைப் போலவே, காட்சியையும் ஒலியையும் பூஜ்யங்களும் ஒன்றுகளுமாகவே சேமித்து வைக்கும் டிஜிட்டல் சாதனம். எண்களைப் பிரதி செய்வதற்கு, அந்த எண்கள் குறிக்கும் நிகழ்ச்சி நடந்த அத்தனை நேரமும் ஏன் வேண்டியிருக்கிறது?

இதனுடன் இன்னொரு புதிரும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் யூஎஸ்பி துளை இருக்கவே இருக்கிறது. அதில் கேபிளை மாட்டி மறுமுனையை லேப்டாப்பில் செருகினால், கேமராவின் மெமரி கார்டில் உள்ள நிழற்படங்கள் திரையில் தெரிகின்றன. கேசட்டில் உள்ள கல்யாணம் மட்டும் தெரிவதே இல்லை. அதைப் பெறுவதற்கு, கேமராவின் வேறொரு பக்கத்தில் ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய துளை ஒன்றைத் தேட வேண்டும். சிலவற்றில் அதனருகே ‘டிவி’ என்றும், சோனி கேமராக்களில் ‘ஐலிங்க்’ என்றும் எழுதியிருக்கும். டிவி என்பது இங்கே தொலைக்காட்சியைக் குறிப்பதன்று, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். இரண்டு புதிர்களும் வெவ்வேறானவையாகத் தோன்றினும், அவற்றின் வேர் ஒன்றே.

அந்த வேரைக் காண்பதற்கு, முதலில் கேமராவின் உள்ளே நடப்பதைக் கவனிக்க வேண்டும். பக்கக் கதவைத் திறந்து கேசட்டை வைத்து மெல்ல அழுத்தியதும், கேசட்டைத் தாங்கிய கூடு தானாகவே உள்ளே இறங்குகிறது. கேசட்டின் முன்புற மூடி மேலே தூக்கப்படுகிறது. சிறு தூண்கள் இரண்டு நாடாவை வெளியே இழுத்துச் சென்று, சற்றே சாய்வாக நிறுத்தப்பட்டிருக்கும் பளபளப்பான உலோக உருளை ஒன்றின் மேல், அதன் சுற்றளவில் ஏறக்குறைய பாதியைத் தழுவும்படி சுற்றி நிறுத்துகின்றன. அந்த உருளையின் விட்டம் 21.7 மில்லிமீட்டர்தான்; நிமிஷத்துக்கு 9,000 முறை அது சுழல்கிறது. காதை அருகில் வைத்துக் கேட்டால் கேட்கும் மெல்லிய ரீங்காரம் அதனுடையதே. உருளையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு காந்தத் தலைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. தொழில் செய்பவர்கள் அவற்றை ‘ஹெட்’ என்றே சொல்வார்கள். நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர், அது நகரும் வேகமோ விநாடிக்கு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர்தான். ஒரு மணிக் கேசட்டில் உள்ள நாடா முழுவதையும் நீட்டிப் பார்த்தால் 68 மீட்டர் அளவில் இருக்கும்.

இவ்வளவு மந்தமாக நகரும் நாடாவுக்கு எதிரே அவ்வளவு வேகமாகச் சுழலும் தலைகள் எதற்கு என்றால், ஒரு விநாடிக்குள் எழுத வேண்டிய காந்தப் புள்ளிகள் கோடிக்கணக்கானவை என்பதே காரணம். அசையாமல் நிற்கும் தலையொன்றின் முன்னே விநாடிக்கு 19 மில்லிமீட்டர் நாடா சென்றால், அத்தனை புள்ளிகளையும் அந்தச் சிறு நீளத்துக்குள் அடக்குவது இயலாத காரியம். தலை சுழல்வதாலோ, தலைக்கும் நாடாவுக்கும் இடையிலுள்ள வேகம் விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. உருளை இன்றி நாடாவையே அந்த வேகத்தில் ஓட்டுவதாக இருந்தால், ஒரு மணி நேரப் பதிவுக்கு 36 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நாடா வேண்டும். உருளை சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு தலையும் நாடாவின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் இடையே 33 மில்லிமீட்டர் அளவுள்ள சாய்கோடு ஒன்றை வரைந்து செல்கிறது. அதைத் தடம் என்று சொல்வோம். ஒரு தடத்தின் அகலம், மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. விநாடிக்கு 150 சுழற்சி, இரண்டு தலைகள், ஆக விநாடிக்கு 300 தடங்கள். இந்தியாவில் வழங்கும் பால் என்னும் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 பிரேம்கள். ஆகவே ஒவ்வொரு பிரேமும் 12 தடங்களாகப் பிரிந்து நாடாவில் அமர்கிறது.

தடங்கள் இவ்வாறுதான் அமைந்திருக்கின்றன என்பதை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை; கேமராவின் சிறு திரையிலேயே அதைக் கண்ணால் காணலாம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னோக்கி ஓட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தால், படம் சதுரச் சதுரமாகச் சிதைந்து, ஒரு மூலையில் மணமகன் தாலி கட்டும் கணமும், அதற்கு அடுத்த சதுரத்தில் சில விநாடி பிந்திய கணமும் ஒரே சமயத்தில் தெரியும். நாடா வேகமாக ஓடும்போது, தலை செல்லும் பாதை தடத்தின் சாய்வோடு பொருந்தாமல், பல தடங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செல்கிறது. ஒவ்வொரு தடத்திலும் ஒரு துண்டைத்தான் அதனால் படிக்க முடிகிறது என்பதன் நேர்ச் சாட்சி அது. நாடாவின் வேகமும், உருளையின் சுழற்சியும், சாய்வின் கோணமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை பொருளற்றுப் போகும். தொலைக்காட்சி நிலையங்களுக்கென, இவற்றையெல்லாம் சேர்த்தே மாற்றி, நான்கு மடங்கு வேகத்தில் நாடாவைப் படிக்கும் பெரிய யந்திரங்களைப் பானசோனிக் நிறுவனத்தார் தங்கள் டிவிசிப்ரோ முறைக்குச் செய்ததுண்டு. உள்ளங்கையில் அடங்கும் வீட்டுக் கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு ஒரே ஒரு வேகந்தான் தெரியும். அது வாழ்க்கை நடக்கும் வேகம்.

முதற்புதிரில் பாதி இத்துடன் விடுபட்டது. மற்றப் பாதி, கேமராவை விட்டு வெளிவந்து லேப்டாப்பை நோக்கிச் செல்லும் எண்களின் பிரயாணத்தில் இருக்கிறது.

அந்தப் பிரவாகத்தின் அளவைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பால் முறையில் ஒரு பிரேம் என்பது குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும், நிறத்தைச் சற்றுச் சுருக்கமாகவும் எண்ணாக எழுதினால், விநாடிக்கு 124 மெகாபிட் ஆகிறது. இந்தச் சிறு நாடா அதைத் தாங்காது. ஆகவே கேமராவுக்குள்ளேயே அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டு, விநாடிக்கு 25 மெகாபிட் ஆக்கப்படுகிறது. சுருக்கும் வழி மிகவும் அழகானது. பிரேம் முழுவதும் பக்கத்துக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒளியளவுக்கு மட்டும் இப்படிப்பட்ட கட்டங்கள் 6,480. ஒரு கட்டத்தில் உள்ள 64 புள்ளிகளின் ஒளியை ஒன்றன்பின் ஒன்றாக எழுதாமல், அக்கட்டத்தின் சராசரி ஒளி என்ன, அது இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் எவ்வளவு மெதுவாக மாறுகிறது, எவ்வளவு அடுக்கடுக்காக மாறுகிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். வானத்தையோ சுவரையோ காட்டும் கட்டத்துக்குச் சராசரியும் ஓரிரு மாற்றங்களுமே போதும். பட்டுப் புடவையின் ஜரிகை வரும் கட்டத்துக்கு அதிக எண்கள் தேவைப்படும். ஆயினும் மிக நுண்ணிய மாற்றங்களை மனிதக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லையாதலால், அவற்றைக் குறிக்கும் எண்களைக் குறைத்தோ விட்டோ எழுதலாம்.

தனிநிலைக் கொசைன் மாற்றம் என்று தமிழில் கூறத்தக்க இந்தக் கணித முறையை வகுத்தவர், பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நஸீர் அகமது. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளியாயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த ஆராய்ச்சிக்காக அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் அவர் நிதியுதவி கோரியிருந்தார், அது கிடைக்கவில்லை. மூவர் பெயரும் நம் பக்கத்து மனிதர்களின் பெயர்களாக ஒலிப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. நம் வீட்டுக் கல்யாணக் கேசட் ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு விநாடியும், அவர்களுடைய கணக்கு நடந்துகொண்டிருந்தது என்பதை அறியும்போது அந்த மகிழ்ச்சி பெருகுகிறது.

டிவி முறையில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியே சுருக்கப்படுகிறது. பின்னால் வந்த கைப்பேசி முறைகளைப் போல, முந்திய பிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி மிச்சம் பிடிப்பதில்லை. அன்றியும், வெறும் சுவராக இருந்தாலும் ஜனத்திரளாக இருந்தாலும், ஒரு பிரேம் கேபிளின் வழியே வெளிவரும்போது அதன் அளவு எப்போதும் 144,000 பைட்டுகளே. ஒலியும், பதிந்த தேதியும், காலக்குறிப்பும் இதில் அடக்கம். விநாடிக்கு 25 பிரேம் என்று பெருக்கினால் 36 லட்சம் பைட்டுகள். ஒரு மணிக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட். நின்று போகாமல், கூடாமல், குறையாமல், ஒரே சீராக வரும் இந்தப் பிரவாகத்தை ஏந்திக்கொள்வதுதான் லேப்டாப்பின் கடமை.

இங்கேதான் கோப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேற்றுமை தெளிவாக வேண்டும். கிணற்றில் நீர் இறைப்பவர் தம் சௌகரியப்படி இறைக்கலாம், ஒரு வாளி சிந்திப்போனால் இன்னொரு வாளி மொண்டுகொள்ளலாம், களைத்தால் கயிற்றை விட்டுவிட்டு உட்காரலாம், கிணறு காத்திருக்கும். மெமரி கார்டில் உள்ள கோப்பைப் பிரதி செய்வது அத்தகைய காரியம்: லேப்டாப் கேட்கிறது, கார்டு கொடுக்கிறது, பழுதாக வந்தால் மறுபடி கேட்கிறது. முறை வைத்துக் கால்வாய் நீர் பாயும் ஊரிலோ நிலைமை வேறு. இன்ன வயலுக்கு இத்தனை நாழிகை என்று முறை வகுத்திருக்கும். அந்த நாழிகையில் அடுத்தவர் யாரும் மடையைத் தொடமாட்டார்கள் என்ற உறுதி உண்டு. ஆனால் முறை வந்தபோது மடை திறந்திராவிட்டால், போன நீர் போனதுதான். கேசட்டிலிருந்து வருவது கால்வாய் நீர். உருளை சுழன்றுகொண்டே இருக்கிறது, நாடா நகர்ந்துகொண்டே இருக்கிறது. ‘சற்றுப் பொறு’ என்று லேப்டாப் சொல்லிக் கேமரா பொறுப்பதற்கு வழி இல்லை.

இத்தகைய ஓட்டத்தை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டது ஃபயர்வயர் என்னும் இணைப்பு; ரப்பர் மூடிக்குள் ‘டிவி’ என்றோ ‘ஐலிங்க்’ என்றோ பெயர் தாங்கி ஒளிந்திருக்கும் சிறு துளை இதற்குரியதே. ஆப்பிள் நிறுவனத்தில் 1986-இல் தொடங்கிய வேலை, ஐஇஇஇ 1394 என்ற எண்ணுடன் 1995-இல் பொது விதியாக நிறைவேறிற்று. அதே ஆண்டில் சோனியின் டிசிஆர்-விஎக்ஸ்1000 என்ற கேமரா இந்தத் துளையுடன் கடைக்கு வந்தது. இதன் அடிப்படை, காலத்தைச் சம கூறுகளாகப் பகுத்தல். ஒரு விநாடி 8,000 சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றும் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 125 பங்கு. சுற்றுத் தொடங்கியதும், ஓட்டமாக வரும் சரக்குக்கு முன்பே ஒதுக்கப்பட்ட இடம் முதலில் தரப்படுகிறது. இதைச் சமகால அனுப்பு என்று அழைக்கலாம். சுற்றின் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரை இதற்கு ஒதுக்கலாம். மீதி நேரம், அவசரமில்லாத மற்றச் செய்திகளுக்கு.

ஒரு பிரேமின் 144,000 பைட்டுகள், 480 பைட் கொண்ட 300 பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. விநாடிக்கு 7,500 பொட்டலங்கள், சுற்றுகளோ 8,000. ஆகையால் ஒவ்வொரு விநாடியிலும் 500 சுற்றுகளில் கேமரா சரக்கில்லாத வெற்றுத் தலைப்பை மட்டும் அனுப்புகிறது. முறை நாழிகை தேவைக்குச் சற்று மிகுதியாகவே அளக்கப்பட்டிருப்பதால், கேமராவின் கடிகாரம் லேப்டாப்பின் கடிகாரத்தைவிடச் சிறிது முந்தினாலும் பிந்தினாலும் ஓட்டம் தடைப்படுவதில்லை. பொட்டலம் பழுதாயிற்றா என்று சோதிக்கும் குறிப்பு ஒவ்வொன்றிலும் உண்டு. ஆனால் பழுதானதைத் திருப்பிக் கேட்கும் ஏற்பாடு சமகால அனுப்பில் கிடையாது. திரும்ப அனுப்புவதற்குள் அடுத்த பிரேமின் நேரம் வந்துவிடும் என்பதால், விதியை வகுத்தவர்கள் இதை அறிந்தே விட்டார்கள். நேரந்தவறாமையை முதன்மையாக வைத்து, மற்றதைக் கேபிளின் நேர்த்திக்கும் வாங்குபவரின் விழிப்புக்கும் விட்ட அந்தத் தீர்மானம் மிகவும் சரியானது என்பது என் அபிப்பிராயம்.

மீதி நேரத்தில் செல்லும் செய்திகளும் சாமானியமானவை அல்ல. லேப்டாப்பின் மென்பொருளில் உள்ள ஓட்டு, நிறுத்து, பின்னே சுற்று என்னும் பொத்தான்களை அழுத்தினால், கேமராவைத் தொடாமலே அதனுள் நாடா ஓடவும் நிற்கவும் செய்வதை, முதன்முறை பார்ப்பவர்கள் ஆச்சரியத்துடன் கவனிப்பார்கள். காட்சி ஒரு வகை அனுப்பிலும் கட்டளை மற்றொரு வகை அனுப்பிலுமாக, ஒரே மெல்லிய கேபிளில் இரண்டும் இடிபடாமல் போகின்றன.

யூஎஸ்பி துளையின் புதிர் இப்போது எளிதில் விடுபடும். மினிடிவி கேமராக்கள் பரவத் தொடங்கிய காலத்தில் இருந்த யூஎஸ்பியின் உச்ச வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். 25 மெகாபிட்டுக்கு மேல் ஓடும் வெள்ளத்துக்கு அது பாதி அகலங்கூட இல்லாத வாய்க்கால். நிழற்படங்கள் காத்திருக்கும் கோப்புகளாகையால், அவற்றுக்கு அந்த வேகம் போதுமானதாக இருந்தது. 480 மெகாபிட் வேகமுள்ள இரண்டாவது யூஎஸ்பி விதி 2000-இல் வந்தபோது, கேமராக்களில் ஃபயர்வயர் வேரூன்றி ஐந்தாண்டு ஆகிவிட்டது. கேசட்டின் ஓட்டத்தைப் புதிய யூஎஸ்பி வழியாகவும் அனுப்பவல்ல சில கேமராக்கள் பின்னர் வந்தன. பெரும்பான்மையானவற்றில் யூஎஸ்பி துளை மெமரி கார்டுக்கு மட்டுமே உரியதாக நின்றுவிட்டது.

இது தெரியாமல் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு முனையில் யூஎஸ்பி செருகியும் மறுமுனையில் ஃபயர்வயர் செருகியும் கொண்ட வெறும் கேபிள் குறைந்த விலையில் விற்கப்படுகிறது. அதை வாங்கவே கூடாது. இரண்டு இணைப்புகளும் பேசும் முறை அடிப்படையிலேயே வேறானது. யூஎஸ்பியில் கணினி எஜமானாக இருந்து கேட்க, மற்றச் சாதனம் விடை தரும். ஃபயர்வயரில் இரு முனையும் சமம், ஒவ்வொன்றும் தானே பேசத் தொடங்கலாம். செம்புக் கம்பியை நீட்டி இணைத்துவிட்டால் ஒரு பாஷை மற்றொரு பாஷையாகிவிடாது. செருகியின் உருவத்தைக் கண்டு நம்பி, கேசட்டே கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, அதைக் குப்பையில் போடுமளவுக்குப் போனவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

உண்மையான வழிகள் சில உண்டு. 2000-க்குப் பிந்திய பத்தாண்டில் விற்ற லேப்டாப்புகள் பலவற்றில், நான்கு முனை கொண்ட சிறு ஃபயர்வயர் துளை இருந்தது; அத்தகைய பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் அதுவே மிகச் சிறந்த கருவி. பக்கவாட்டில் எக்ஸ்பிரஸ்கார்டு இடைவெளி உள்ளவற்றில் ஃபயர்வயர் கார்டைச் செருகலாம். தண்டர்போல்ட் உள்ள மேக் கணினிகளுக்கு ஆப்பிளே ஒரு மாற்றியைச் செய்தது. ஆனால் கணினியின் இயங்குதளம் ஃபயர்வயரை இன்னும் ஏற்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்டு வாங்க வேண்டும். மேசைக் கணினியானால் உள்ளே பொருத்தும் கார்டு போதும். கேமராவின் பக்கம் வருவது நான்கு முனைச் செருகி. விரல் நகத்தைவிடச் சிறியது, ஒரு பக்கத்தில் சிறு பள்ளம் உள்ளது. அந்தப் பள்ளம் துளையின் வடிவத்தோடு பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பின்பே தள்ள வேண்டும். பலவந்தம் செய்தால் கேமராவின் துளை உடையும், அதைச் சரிசெய்வோர் இப்போது அரிது. மறுமுனை ஆறு முனையுள்ளதானால் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும்; அதில் 30 வோல்ட் வரை மின்சாரம் வரக்கூடுமாதலால், தலைகீழாக அழுத்தினால் சில்லு கருகிப்போகும்.

இனி, மாற்றிய பிரதி அசலேதான் என்பதை எப்படி அறிகிறோம் என்ற கேள்விக்கு வருவோம். பலர் இந்தச் செயலைப் படம் பிடித்தல் என்ற பொருளில் ‘கேப்சர்’ என்கிறார்கள். ஆயினும் இங்கே எதுவும் புதிதாகப் பிடிக்கப்படுவதில்லை, நாடாவில் எழுதப்பட்ட எண்களே இடம் மாறுகின்றன. சோதனை எளிது. ஒரே கேசட்டை இருமுறை மாற்றி, இரண்டு கோப்புகளையும் பிரேம் பிரேமாக, பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாடா நல்ல நிலையில் இருந்தால் இரண்டும் ஓரெழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கும். கேமராவின் மஞ்சள் நிற ஏவி கேபிள் வழியே படத்தை மின்னலையாக வெளியே எடுத்து, மறுபடி எண்ணாக்கும் பெட்டியின் மூலம் லேப்டாப்புக்குக் கொண்டு வந்தால், இருமுறை செய்த பிரதிகள் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றினாலும் எண்ணளவில் ஒருபோதும் ஒத்திரா; மின்னலையில் கலக்கும் இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். ஃபயர்வயர் கிடைக்கும்போது மஞ்சள் கேபிளை நாடுவது தகாது என்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டியதில்லை.

நாடாவிலேயே பிழை இருந்தால் என்ன ஆகும்? காந்தப் பூச்சில் ஒரு துகள் உதிர்ந்தாலும் சில நூறு பிட்டுகள் அழிந்துவிடும். இதை எதிர்பார்த்தே, ஒவ்வொரு தடத்திலும் அசல் எண்களோடு காவலெண்கள் சிலவும் எழுதப்படுகின்றன. 1960-இல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் வகுத்த முறை அது. குறிப்பிட்ட அளவு வரை அழிந்த எண்களைக் காவலெண்களிலிருந்து கணக்கிட்டு, ஊகமாக அன்றி உறுதியாகவே, மீட்டுவிட முடியும். அழிவு அளவு மீறிப்போனால், அந்தச் சிறு சதுரத்துக்கு மட்டும் முந்திய பிரேமிலிருந்து எடுத்து ஒட்டுப்போட்டுவிடுகிறது கேமரா. அப்படி ஒட்டுப்போட்டதை அது மறைப்பதுமில்லை. எந்தக் கட்டம் அசல், எந்தக் கட்டம் ஒட்டு என்ற குறிப்பும் ஓட்டத்திலேயே சேர்ந்து வருகிறது. ஆவணக் காப்பாளர்கள் இந்தக் குறிப்பைப் படித்து, ஒரே கேசட்டைப் பலமுறை ஓட்டி, ஒரு முறை கெட்டுவந்த பிரேமுக்குப் பதிலாக இன்னொரு முறை நன்றாக வந்ததை வைத்து முழுமையான பிரதியை உருவாக்குகிறார்கள்.

படத்தில் குறுக்குப் பட்டைகள் தோன்றி, ஒன்றுவிட்டு ஒரு பட்டை அசையாமல் உறைந்து நின்றால், இரண்டு தலைகளில் ஒன்றில் அழுக்கு அடைந்திருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். பன்னிரண்டு தடங்களையும் இரண்டு தலைகளும் மாறி மாறிப் படிக்கின்றன அல்லவா? ஒரு தலை குருடானால் பாதிப் பட்டைகள் போய்விடும். அதற்கென விற்கும் சுத்தம் செய்யும் கேசட்டைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். அந்தக் கேசட்டின் நாடா தலையைத் தேய்ப்பதாகையால் அடிக்கடி ஓட்டலாகாது. பூஞ்சை படர்ந்த கேசட்டை மட்டும் ஒருபோதும் கேமராவில் இடக்கூடாது. அது தலையையும் கெடுத்து, அடுத்து வரும் கேசட்டுகளுக்கும் தொற்றும்.

லேப்டாப்பின் பக்கம் தவறு நேர்வது, முறை வந்தபோது மடை திறவாதிருப்பதால்தான். வந்த எண்கள் முதலில் நினைவகத்தில் தேங்கி, பிறகு ஹார்ட் டிஸ்கில் எழுதப்படுகின்றன. அந்த நேரத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருளோ வேறு எதுவோ டிஸ்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால், தேக்கம் நிரம்பிச் சில பிரேம்கள் விடுபடும். விடுபட்டனவா என்பதை மென்பொருளே எண்ணிக் காட்டும். நாடாவில் ஒவ்வொரு பிரேமோடும் பதிந்திருக்கும் காலக்குறிப்பில் இடைவெளி விழுகிறதா என்று பார்த்தும் அறியலாம். மாற்றும் ஒரு மணி நேரமும் லேப்டாப்பை வேறு வேலைக்கு விடாமல், உறங்கும் நிலைக்குப் போகாதபடி அமைத்து, மின்சாரத்தில் செருகியே வைப்பது உத்தமம். சேமிக்கும் டிஸ்க் பழைய ஃபேட்32 முறையில் அமைந்திருந்தால், ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாதாகையால், ஏறக்குறைய 20 நிமிஷத்தில் பதிவு நின்றுபோகும் அல்லது புதுக் கோப்புக்குத் தாவும்.

தேதியையும் நேரத்தையும் கேமரா ஒவ்வொரு பிரேமிலும் எழுதிவைத்திருப்பதால் ஓர் அரிய பயன் விளைகிறது. முகூர்த்தம் முடிந்து கேமராவை நிறுத்தி, மாலையில் வரவேற்புக்கு மறுபடி ஓட்டியிருந்தால், அந்த இடத்தில் கடிகாரம் சட்டென்று தாவும். மென்பொருள் அந்தத் தாவலைக் கண்டு, ஒரு மணி நேரப் படத்தைக் காட்சி காட்சியாகத் தானே பிரித்துக் கொடுக்கும். கேமராவின் கடிகாரத்தை அன்று சரியாக வைத்திருந்தார்களானால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எடுத்தது என்பதும் கிடைத்துவிடும். டிவிடியாகவோ கைப்பேசிக் கோப்பாகவோ மாற்றும்போது இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் உதிர்ந்துபோகின்றன. ஆகவே பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் சிறு பிரதிகளை எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்; 13 ஜிகாபைட் அசல் ஓட்டத்தை மட்டும் சுருக்காமல், இரண்டு வேறு டிஸ்குகளில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேசட்டுகள் பல இருந்தால் எதை முதலில் எடுப்பது என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு மணிக் கேசட்டில் ஒன்றரை மணி பதிவதற்காக எல்பி என்னும் மெதுவான முறையைச் சிலர் பிரயோகித்தார்கள். அதில் நாடா இன்னும் மந்தமாக நகர்வதால் தடங்கள் மூன்றில் இரண்டு பங்காக ஒடுங்கி, ஒரு கேமரா எழுதியதை மற்றொரு கேமராவின் தலை பின்பற்ற இயலாமற் போவது சகஜம். அவற்றை எழுதிய அதே கேமரா இன்று ஓடிக்கொண்டிருந்தால், எல்பி கேசட்டுகளையே முதலில் லேப்டாப்புக்கு மாற்றிவிட வேண்டும். மற்றவற்றை வேறொரு கேமராவை இரவல் வாங்கியும் மாற்றிக்கொள்ளலாம்.